கொழுந்து நிற்குமா?

1983 மே 8, ஞாயிறு

எனக்கு இன்று தலைகால் புரியவில்லை. நான்தான் ஓட்டப் போகிறேன்! அண்ணன் இல்லை, தாவூத் பாய் இல்லை. நான். தேயிலை எஸ்டேட் ஸ்டோரில் கவ்வாத்துக் கத்தியும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக் கொடுக்கிற ருக்குமணி.

ஒழுங்காக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு எழுந்து கனவென்று நினைத்துக்கொள்வேன். ஆகஸ்ட் ஏழாம் தேதி எங்கள் மலைக்குக் கீழே, பீடோருக்குப் பக்கத்தில் கார்ப் பந்தயம். ஈயம் தோண்டி எடுத்த பிறகு விட்டுப்போன மணல்வெளியில் நேராக ஒரு தார் ரோடு. வளைவு கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. இரண்டிரண்டு காராக நிறுத்திக் கொடியை ஆட்டுவார்கள். நானூறு மீட்டர் தலைதெறிக்க ஓட வேண்டும். அவ்வளவுதான் பந்தயம்.

எங்கள் காடி பெயர் கொழுந்து. எஸ்டேட்டின் சின்னத்துரை, அதுதான் உதவி மேனேஜர், மாற்றலாகிப் போகும்போது மழையில் விட்டுவிட்டுப் போன பழைய எஸ்கார்ட் கார். தங்கராஜு அண்ணன் எஸ்டேட் ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். கையை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா? பிரித்தான், மாட்டினான், பச்சைப் பெயிண்ட் அடித்தான். பெரிய என்ஜின் சேக் தாவூத் பாய் கொண்டுவந்தது. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறவருக்கு மோட்டார் பைத்தியம். ரொட்டிக்கு மாவு வீசும்போதுகூட வாயால் கியர் மாற்றுவார்.

இன்று மத்தியானம் பாய்தான் ஆரம்பித்தார். "எடை குறைஞ்சாத்தான் தம்பி வேகம்." உடனே பாக்டரிக்குப் போய் இலை நிறுக்கிற தராசில் அண்ணன் ஏறினான். தராசு ஒரு சத்தம் போட்டது. அடுத்து நான் ஏறினேன். பாய் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"தம்பி, நீ ஏறினா கொழுந்து ஓடாது, உக்காந்துரும். தங்கச்சி ரெண்டு கூடை எலதான் இருக்கு. அதுக்கிட்ட குடுத்துரு."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஸ்டோர் வேனை ரிங்லெட்டுக்கும் டவுனுக்கும் நான்தான் தினமும் ஓட்டுகிறேன், அவனுக்கும் தெரியும். "சரி லா" என்றான். அந்த ஒரு சரி லா-வுக்காக அவனுக்கு இந்த மாதம் முழுக்க சட்டை தேய்த்துத் தருவேன்.

மிச்சம் இருந்தது அம்மா. அம்மாவிடம் மறைத்து எதையும் செய்ய முடியாது. கொழுந்து கிள்ளும்போதே மூன்று வரிசை தள்ளி யார் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். அதனால் நேராகவே சொன்னோம். எங்கே, எப்போது, யார் ஓட்டுவது, எல்லாம். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"ஓடுறதப் பத்தி நான் கேக்கல. நிக்குமா?"

அம்மா அப்படித்தான் கேட்பாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவின் லோரி ரிங்லெட்டுக்குக் கீழே பிரேக் பிடிக்காமல் போனது. அப்பா வண்டியை ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டார். இறங்கி நின்று சிரித்தாராம். பக்கத்து சீட்டில் இருந்தது அம்மா. அப்பா காய்ச்சலில் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அம்மாவின் வலது கால் மட்டும் இன்னும் அந்த லோரியில்தான் இருக்கிறது. எந்த வண்டியில் ஏறினாலும், பஸ்ஸானாலும் சரி, வளைவு வந்தால் தரையை ஓங்கி மிதிப்பாள்.

"ஓட்டு. ஆனா நிக்காம போறத என் கண்ணால ஒரு தரம் பாத்தேன்னா, சாவி எங்கிட்ட வந்துரும். அப்புறம் கேக்கக் கூடாது."

நிற்கும் அம்மா. நிற்காமல் எங்கே போகும்!

மே 9, திங்கள்

எங்கே போகும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. குட்டைக்குள் போகும்.

பாய் விசாரித்துக்கொண்டு வந்தார். பந்தயக் கோடு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எண்ணெய் டிரம்களை வரிசையாக வைத்திருப்பார்களாம். முதலில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, டிரம்முக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். டிரம்மை இடித்தால் ஓட்டம் செல்லாது. டிரம்முக்கு அந்தப் பக்கம் ஈயம் தோண்டிய குட்டை, பச்சை நிறத் தண்ணீர். போன வருஷம் இரண்டு காடிகள் உள்ளே போய், ஓட்டியவர்கள் நீந்தி வந்தார்களாம்.

எனக்கு நீந்தத் தெரியாது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மே 15, ஞாயிறு

பிரேக் பேட் பரீட்சை!

பிரேக் பேட் என்பது கையளவு கட்டை. முன் சக்கரத்துக்குள் சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிப்பது அதுதான். பழையது தேய்ந்து அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. பாய் ஈப்போவுக்குப் போய் இரண்டு பெட்டி வாங்கிவந்தார். ஒன்று நீலப் பெட்டி. "டவுன்ல ஓடற காடிக்கு, மெத்துனு பிடிக்கும்"னு கடை முதலாளித் தவுக்கே சொன்னாராம். இன்னொன்று சிவப்புப் பெட்டி. பந்தயக் காருக்கென்றே செய்தது. பெட்டி மேலே நெருப்புக் கக்கிக்கொண்டு ஒரு கார் பறக்கிறது. அண்ணன் அந்தப் பெட்டியைத் திறக்காமலே அரைமணி நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

முதலில் நீலத்தை மாட்டினோம். எஸ்டேட் கேட்டிலிருந்து ரிங்லெட், அங்கிருந்து தாப்பா ரோட்டில் பாதி மலை இறக்கம். அண்ணன் பக்கத்தில், நான் ஓட்டினேன். முதல் சில வளைவு சொன்ன பேச்சைக் கேட்டது. அப்புறம் ஒரு நாற்றம், அடிபிடித்த கஞ்சி மாதிரி. அப்புறம் புகை. அப்புறம் மிதியை மிதித்தால் பஞ்சுக்குள் கால் வைத்த மாதிரி உள்ளே போகிறது! கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, மூங்கில் புதர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். எதிரே, திரிங்காப் தோட்டத்துக் காய்கறியைக் கீழே இறக்கிவிட்டு மலையேறி வந்த லோரிக்காரன் நிறுத்தி, "கோழி சுடுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

"தூக்கிப் போடு இத" என்றான் அண்ணன். நான் போடவில்லை. ஸ்டோரில் வேலை செய்கிறவளுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. துணியில் சுற்றி மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

மே 22, ஞாயிறு

சிவப்புப் பெட்டி! சிவப்புப் பெட்டி! சிவப்புப் பெட்டி!

அதே ரோடு, அதே வளைவுகள். கீழே போகப் போகக் கடி கூடிக்கொண்டே போகிறது. தொட்டால் நிற்கிறது. அண்ணன் இரண்டு தரம் முன் கண்ணாடியில் முட்டிக்கொண்டு, இரண்டு தரமும் சிரித்தான். புகை இல்லை, நாற்றம் இல்லை. தாப்பா வரைக்கும் போய் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

"இதான் பேட்" என்றான் அண்ணன். அவன் ஏதோ சொந்தமாகப் பெற்றெடுத்த மாதிரி.

மே 29, ஞாயிறு

அம்மாவை ஏற்றிக்கொண்டு ரிங்லெட் பசாருக்குப் போனோம். வளைவுக்கு வளைவு அம்மா தரையை மிதித்தாள். நானும் மிதித்தேன். காடி நின்றது. பசாரில் இறங்கும்போது, "பரவால்ல, நிக்குது" என்றாள். அம்மா வாயிலிருந்து பரவால்ல வந்தால் மற்றவர்கள் வாயிலிருந்து மாலை மரியாதை வந்த மாதிரி.

நான் இரவெல்லாம் தூங்கப் போவதில்லை. (தூங்கிவிட்டேன். இது காலையில் எழுதியது.)

ஜூன் 3, வெள்ளி

இன்று காலை அம்மாக்கண்ணு அக்காவின் தண்ணீர் டிரம்மை இடித்துவிட்டேன். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் திரும்பும் இடத்தில் வைத்திருக்கிறாள். மெதுவாகத்தான் வந்தேன், மிதித்தேன், கொழுந்து பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போய் டிரம்மை முட்டியது. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள், நல்லவேளை உள்ளே.

"பனி" என்றான் அண்ணன். "ராத்திரி பூரா தட்டுல ஈரம் பட்டிருக்கும்." சரிதான். இந்த மலையில் எது நடந்தாலும் பனிதான் காரணம். தீப்பெட்டி பற்றாவிட்டால் பனி, ஆபீஸ் கிராணி தாமதமாக வந்தால் பனி.

ஜூன் 4, சனி

மறுபடியும் டிரம். பனி.

ஜூன் 9, வியாழன்

டிரம். அக்கா டிரம்மை நகர்த்த மாட்டேன் என்கிறாள். "ஒங்க காடிக்காக எந் தண்ணி எடம் மாறணுமா?" என்று கேட்டாள். நியாயம்தானே.

ஜூன் 20, திங்கள்

நோன்பு மாதம். பாய் பகலில் கடையைச் சாத்திவிட்டு, பசியோடு ஒர்க்ஷாப்பில் வந்து உட்கார்ந்து கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் அவர் முன்னால் தேநீர் குடிக்கக் கூச்சப்பட்டு, பெட்ரோல் டின்னுக்குப் பின்னால் ஒளிந்து குடிக்கிறான். அவ்வளவு பெரிய உடம்பு எந்த டின்னுக்குப் பின்னால் மறையும்?

என்ஜின் இப்போது பாடுகிறது. முதல் கியரில் கிளட்ச்சை விட்டால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஸ்டோரில் யாராவது "ருக்கு, அரை இஞ்ச் ஆணி" என்று கேட்டால், எனக்குக் கொடி ஆடுவது தெரிகிறது.

ஜூலை 17, ஞாயிறு

சிரிப்பாக வருகிறது. இல்லை, பயமும் கொஞ்சம் இருக்கிறது.

பெருநாள் முடிந்து பாய் இன்றைக்குத்தான் கடை திறந்தார். காலையிலேயே போய்விட்டோம். பல நாள் பற்றவைக்காத தோசைக்கல். முதல் தோசையை ஊற்றினார். ஒட்டிக்கொண்டது. சுரண்டிப் போட்டார். இரண்டாவது பாதி கிழிந்து வந்தது. அண்ணன் அதையும் விடவில்லை. மூன்றாவது வழவழவென்று தானாகவே எழுந்து வந்தது.

"கல்லு சூடு ஏறலைன்னா நம்ம பேச்சக் கேக்காது தங்கச்சி" என்றார் பாய். "மொத தோசை எப்பவும் கல்லுக்குத்தான்."

எனக்கு வாய்க்குள் இருந்த சட்னி அப்படியே நின்றுவிட்டது.

அம்மாக்கண்ணு அக்காவின் டிரம்!

டிரம்மை இடிப்பது எப்போதும் காலையில், வீட்டை விட்டு எடுத்ததும் வருகிற முதல் பிரேக்கில். பனி இங்கே மத்தியானமும்தான் இருக்கிறது, சாயங்காலமும்தான் இருக்கிறது. அப்போதெல்லாம் ஏன் இடிக்கவில்லை? சிவப்புப் பெட்டி சூடு ஏறினால்தான் கவ்வும். நாங்கள் மலைக்காரர்கள். எங்கே போனாலும் இறக்கம், இறங்கினால் வளைவு, வளைவுக்கு வளைவு பிரேக். எங்கள் பேட் எப்போதும் சூடாகவே இருக்கிறது. அதனால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

பீடோரில் என்ன நடக்கும்? நேர் ரோடு. கொடி ஆடியதிலிருந்து கோட்டைத் தாண்டும்வரை பிரேக்கில் கால் படவே படாது. பேட் ஜில்லென்று இருக்கும். பந்தயத்தில் ஒரே ஒரு தோசைதான் சுட வேண்டும், அதுவும் முதல் தோசை!

குட்டைக்குள்ளேதான் போயிருப்பேன். நெருப்புக் கக்கும் சிவப்புப் பெட்டியோடு, நீந்தத் தெரியாமல்.

ஜூலை 18, திங்கள்

சண்டை.

"மலையில நிக்கிற காடி தரையில நிக்காதா? பாய், இவ தோசைய வச்சு பிரேக் பாக்குறா!"

"அப்ப ஏன் டிரம்முல இடிக்குது?"

"பனி."

"நீலப் பெட்டி போட்டப்ப, மொத வளைவுல எப்படிப் பிடிச்சுச்சு? ஞாபகம் இருக்கா?"

"அப்புறம் எப்படிப் பொகஞ்சுச்சு? அது ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. ஆனால் பீடோரில் அப்புறம் என்பதே இல்லையே அண்ணே! ஒரு தரம் பிடித்தால் போதும். அப்புறம் அது புகையட்டும், பொங்கல் வைக்கட்டும், யாருக்கு என்ன?

அவனுக்குக் கேட்கவில்லை. பாய் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டினார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தலையாட்டுவது தாப்பா ரோடு ஓட்டுவதைவிடக் கஷ்டம். கடைசியில் அவர்தான், "சண்டை எதுக்கு? ரிங்லெட் ஏரிக்கரை ரோடு நேராத்தான இருக்கு? அங்க பாத்துருவோம்" என்றார்.

ஜூலை 24, ஞாயிறு

முட்டைக்கோஸ் மழை பெய்தது இன்று.

விடிந்ததும் ஸ்டோர் வேனில் ஏரிக்கரைக்குப் போனோம். திரிங்காப் தோட்டத்திலிருந்து கழித்துப் போட்ட முட்டைக்கோசைப் பாய் கூடை கூடையாகக் கொண்டுவந்து ரோட்டுக்குக் குறுக்கே அடுக்கினார். அதுதான் டிரம், அதுதான் குட்டை. அம்மாவும் வந்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு கல்லில் உட்கார்ந்தாள். அவள் வரக் கூடாது என்று எவ்வளவோ சொன்னேன்.

அண்ணன் கொழுந்தை மலையிலிருந்து இறக்கி வந்த கையோடு ஓட்டிக் காட்டினான். கூடைக்கு எவ்வளவோ முன்னாலேயே நின்றான். இறங்கி வந்து என் முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். "என்னா லா ருக்கு? தோசை வெந்துச்சா?"

"இப்ப சூடா இருக்கு. ஆறட்டும். மறுபடி ஓட்டு."

பாய் ஃபிளாஸ்க்கைத் திறந்தார். தேநீர் குடித்தோம், ஏரியைப் பார்த்தோம், அண்ணன் கொட்டாவி விட்டான். நான் போய்ப் போய்ச் சக்கரத்துக்குள் கை விட்டுப் பார்த்தேன். தட்டு ஜில்லென்று ஆனதும், "இப்ப" என்றேன். "நீயே ஓட்டு. நான் ஓட்டினா மிதிச்சது பத்தலைம்ப."

ஓட்டினான். பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆட்டினார். கொழுந்து கத்திக்கொண்டு வந்தது. பிரேக் பிடிக்கிற இடத்தில் அண்ணனின் தலை முன்னால் குனிந்ததைப் பார்த்தேன். உடம்பையே மிதியின் மேல் ஏற்றியிருக்கிறான். காடி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது—

கூடைகள் பறந்தன. முட்டைக்கோஸ் வானத்துக்குப் போய் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஒன்று உருண்டு ஏரியில் விழுந்தது. ஒன்று பாயைத் துரத்தியது. கொழுந்து அதற்கும் அப்பால் போய் நின்றது. கதவைத் திறந்து அண்ணன் இறங்கினான், தலையில் ஒரு இலை. நான் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பாயும் சிரித்தார். கடைசியில் அண்ணனும் சிரித்தான், என்ன செய்வான்?

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்தாள். கையை நீட்டினாள்.

"சாவி."

ஜூலை 25, திங்கள்

சாவி அம்மாவின் முந்தானையில் முடிச்சாக இருக்கிறது. கொழுந்து ஏரிக்கரையிலிருந்து வீட்டுக்கு ஸ்டோர் வேன் பின்னால் கயிறு கட்டி வந்தது, ஊரே பார்த்தது.

நானேதான் நிக்காதுன்னு நிரூபிச்சேன். நானே என் கையால கெடுத்துக்கிட்டேன். வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? இருந்திருந்தா குட்டைக்குள்ள போயிருப்பேன். ஆனா சாவி கையில இருந்திருக்கும். என்னா பொழப்பு இது!

சாப்பாடு முட்டைக்கோஸ் பொரியல்.

ஜூலை 26, செவ்வாய்

முட்டைக்கோஸ் கூட்டு. அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். "சொன்னது சொன்னதுதான்."

ஜூலை 27, புதன்

முட்டைக்கோஸ் வடை. நன்றாக இருந்தது, ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூலை 29, வெள்ளி

வேலை விட்டு வந்தால் அண்ணன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் நான் துணியில் சுற்றி வைத்த நீலப் பேட்! ஸ்டோரில் என் மேல் தட்டிலிருந்து எடுத்திருக்கிறான். எமரித் தாளை வைத்துக் கருகிய மேல்தோலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். சுத்தமாக, பால் பல் மாதிரி ஆகிவிட்டது.

"மலையில செவப்பு, தரையில நீலம். எறங்கிப் போயி தாப்பாவுல மாத்திக்கலாம்" என்றான், தலையைத் தூக்காமல். "நான் மலைய மட்டுந்தான் பாத்தேன் ருக்கு."

எனக்கு அவனிடம் நன்றி சொல்ல வராது. அதனால், "அங்க ஓரத்துல இன்னும் கருப்பு இருக்கு பாரு" என்றேன்.

அப்புறம் அவன் உள்ளே போய் அம்மாவிடம் பேசினான். நான் சுவரில் காதை வைத்தேன். அம்மா அரிசி புடைக்கிற சத்தம் நின்றது. கடைசியில், "சாவிய குடுக்க மாட்டேன். ஞாயித்துக்கெழமை நானே கொண்டாந்து போட்டுத் திருப்புறேன். நானும் முன்னால உக்காருவேன். நான் உள்ள இருக்கப்ப நிக்கட்டும், பாப்போம்" என்றாள்.

அம்மாவா? பந்தயக் காடியிலா?

ஜூலை 31, ஞாயிறு

மறுபடி ஏரிக்கரை, மறுபடி வேன் பின்னால் கயிறு. இந்தத் தரம் அண்ணன் அங்கேயே ஜாக்கி போட்டு நீலத்தை மாட்டினான். அந்தக் கயிற்றிலேயே இழுத்து, சில தரம் மெதுவாக மிதித்துப் பேட்டைப் பழக்கினோம். அப்புறம் முழுக்க ஆறவிட்டோம். பாய் கையை விட்டுப் பார்த்து, "ஐஸ் தங்கச்சி, ஐஸ்" என்றார். மறுபடி முட்டைக்கோஸ் கூடைகள். இந்த வாரமும் வடை சாப்பிட வேண்டி வந்தால் வீட்டை விட்டு ஓடிவிடுவேன்.

அம்மா பக்கத்து சீட்டில் ஏறினாள். சேலையைச் சரிசெய்தாள். முந்தானையை அவிழ்த்துச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். வலது கால் ஏற்கெனவே தரையில் தயாராக இருந்தது.

"பயமா இருக்காம்மா?"

"ஓட்டுடி."

துண்டு ஆடியது. கிளட்ச்சை விட்டேன். அம்மா "முருகா" என்று ஆரம்பித்தாள், கியர் மாற மாற அது "முருகாஆஆஆ" என்று நீண்டது. கூடைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. இடம் வந்தது. மிதித்தேன். அம்மாவும் மிதித்தாள்.

கொழுந்து மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது! அப்படியே, ஆணி அடித்த மாதிரி! கூடைக்கு முன்னால் இன்னொரு காடியை நிறுத்தலாம், அவ்வளவு இடம். ஒரு முட்டைக்கோஸ்கூட அசையவில்லை. பாய் ரோட்டில் ஆடினார். அண்ணன் ஓடிவந்து கதவைத் திறந்தான்.

அம்மாவுக்குக் கொண்டை அவிழ்ந்திருந்தது. மூச்சை இழுத்து விட்டாள். தன் காலைப் பார்த்தாள். அப்புறம் எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"நான் மிதிச்சேன், நின்னுச்சு" என்றாள்.

சாவியை என் மடியில் போட்டாள்.

ஆகஸ்ட் 6, சனி

நாளைக்கு! பாய் புளிச்சோறு கட்டித் தருகிறார். அம்மா இரண்டு தரம் கேட்டுவிட்டாள்: "நான் உள்ள இல்லாம எப்படி நிக்கும்?"

ஆகஸ்ட் 8, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. கையில் இன்னும் ஸ்டியரிங் அதிர்கிறது. ஸ்டோரில் இன்று யாரோ மண்வெட்டி கேட்டதற்கு மண்ணெண்ணெய் கொடுத்தேன்.

சிவப்பில் மலை இறங்கினோம். தாப்பாவில் ஒரு ரம்பூத்தான் மரத்தடியில் அண்ணன் நீலத்துக்கு மாற்றினான். மணல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் பொசுக்கியது. மலையை விட்டு வந்தால் சூரியனுக்கு இவ்வளவு கோபம் இருக்கிறது என்று தெரிகிறது. எத்தனை காடிகள், எத்தனை சத்தம்! ஒரு பொம்பளைப் பிள்ளை ஹெல்மெட் போடுவதைப் பார்க்க ஒரு கூட்டம் கூடியது. பாய் கூட்டத்தை விரட்டுகிற சாக்கில் எல்லோரிடமும் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஜோடி ஈப்போவிலிருந்து வந்த ஒரு மஞ்சள் மாஸ்டா. ஓட்டியவன் கண்ணாடி போட்ட சிரித்த முகக்காரன். கிளம்பும் முன்னால் அண்ணன் அவனுடைய பெட்டி சாமான்களை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் காதில் சொன்னான்: "செவப்புப் பெட்டி, ருக்கு."

போய்ச் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். "அந்த பேட் சூடு ஏறாம பிடிக்காது, ஜாக்கிரதை" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். சிரித்தான். "இது ரேஸ் பேட், மிஸ்" என்றான். நானும் மே மாதம் இப்படித்தான் சிரித்தேன்.

கொடி. அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். மாஸ்டா என்னை விட்டுவிட்டுப் போனது. கோட்டில் அவன் முன்னால், நான் பின்னால். தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே மிதித்தேன். பயமாத்தான் இருந்துச்சு, அந்தப் பச்சைத் தண்ணி கண்ணுக்கு நேரா இருந்துச்சு. கொழுந்து மூக்கைக் குத்தியது. டிரம்முக்கு இந்தப் பக்கம், நன்றாகவே இந்தப் பக்கம். நின்று நிமிர்ந்து பார்க்கிறேன், மாஸ்டா டிரம்களை நாலாபுறமும் சிதறடித்துக்கொண்டு, கரையில் இறங்கி, வாத்து மாதிரி மெதுவாகத் தண்ணீருக்குள் போகிறது.

கதவு வரைக்கும்தான் தண்ணீர். அவன் கூரை மேல் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தான். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். ஜனமெல்லாம் கைதட்டியது, அவனுக்கா எனக்கா தெரியவில்லை.

அவன் ஓட்டம் செல்லாது. நான் அடுத்த சுற்று! அந்தச் சுற்றில் ஒரு கறுப்புக் காடி என்னை நியாயமாகத் தோற்கடித்தது. அது எங்கே, நாங்கள் எங்கே. ஆனால் அப்போதும் நின்றேன். அழகாக நின்றேன்.

அம்மாவைத் தேடினேன். டிரம் வரிசைக்குப் பக்கத்தில், மணலில், முதலிலிருந்து ஒரே இடத்தில் நின்றிருக்கிறாள். பாய் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாவின் வலது காலுக்குக் கீழே மணலில் கணுக்கால் ஆழத்துக்குக் குழி.

"ரெண்டு தரமும் நாந்தான்" என்றாள் அம்மா.

திரும்பும்போது தாப்பாவில் அண்ணன் மறுபடி சிவப்புக்கு மாற்றினான். ஏறத்தானே போகிறோம், இப்போது எதற்கு என்று கேட்டேன். "நாளைக்கு எறங்கணும்ல" என்றான். நீலப் பெட்டி மேல் 'தரை' என்றும், சிவப்புப் பெட்டி மேல் 'மலை' என்றும் கிரீஸ் விரலால் எழுதியிருக்கிறான்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

காலையில் டிரம்மை இடித்தேன். அம்மாக்கண்ணு அக்கா ஜன்னலில் தலையை நீட்டி, "சூடு ஏறல போல" என்றாள். ஊருக்கே தெரிந்துவிட்டது.

டிசம்பர் 18, ஞாயிறு

அண்ணனுக்குப் பெண் பார்க்க மலைக்குக் கீழே சுங்கை ஊருக்குப் போனோம். கொழுந்தில்தான். நான் ஓட்டினேன், அம்மா முன்னால், அண்ணனும் பாயும் பின்னால் இடித்துக்கொண்டு. கிளம்பியதும் இறக்கத்தில் இரண்டு மூன்று தரம் சும்மா மிதித்துப் பேட்டைச் சூடாக்கிக்கொண்டேன். இப்போது அது கை கழுவுகிற மாதிரி பழக்கமாகிவிட்டது. டிரம் பிழைத்தது.

பெண்ணின் பெயர் ஜெயா. எல்லோருக்கும் பிடித்தது. அண்ணன் அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பாய்தான் பிரேக்கைப் பற்றியெல்லாம் பேசினார்.

ரிங்லெட்டுக்குக் கீழே அப்பா லோரியை ஏற்றி நிறுத்திய வளைவில், போகும்போது அம்மா பக்கம் திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு காலையும் சீட்டின் மேல் மடித்து வைத்திருந்தாள்.